வாகரைப் பாதையில் வாடைக் காற்று

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே திருகோணமலை நோக்கிச் செல்லும் ஏ-15 பாதையில் தண்ணீர் நம்மைவிட்டு நெடுநேரம் விலகியிருப்பதில்லை. முதலில் ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவியின் வாடை கூடவே வருகிறது. ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை, சித்தாண்டி, கிரான் என்று ஊர்களைக் கடந்து வாழைச்சேனைக்கு வந்தால் அங்கே இன்னொரு களப்பு. ஓட்டமாவடிப் பாலத்தைத் தாண்டினால் காயான்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி என்று ஊர்ப்பெயர்களிலேயே நீர்நிலை வந்து ஒட்டிக்கொள்கிறது. ஒருபுறம் கடல், மறுபுறம் உப்பாற்றுக் களப்பு, நடுவே நாம் போகும் வீதி.

இந்த நீரெல்லாம் காற்றிலும் இருக்கிறது. வைகாசியில் தொடங்கி ஆவணி வரை வீசும் கச்சான் காற்றுக்கு ஈரம் பிடிக்காது. காலையில் காயப்போட்ட பாய் மத்தியானம் சலசலக்கும். ஐப்பசி கழிந்து வாடை தொடங்கிவிட்டாலோ எல்லாம் தலைகீழ். காற்றின் ஈரப்பதன் 80 வீதத்தைத் தாண்டுவது அந்த மாதங்களில் சாதாரண விடயம். போத்தலில் இருக்கும் உப்பு கசியும். தீக்குச்சி பற்றாது. பிள்ளைகளின் சப்பாத்துக்குள் பூஞ்சணம் பூக்கும். மட்டக்களப்புக்கு வருடத்தில் கிடைக்கும் மழையின் பெரும்பகுதி நவம்பர், டிசம்பர், ஜனவரி ஆகிய மூன்று மாதங்களிலேயே கொட்டித் தீர்த்துவிடுகிறது. புயல்கள் வருவதும் அநேகமாக அந்த நாட்களில்தான்.

இங்குள்ள முதியவர்களிடம் காற்றைப் பற்றிக் கேட்டால் 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதியிலிருந்துதான் கதையைத் தொடங்குவார்கள். அந்தச் சூறாவளி 900இற்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. தென்னந்தோட்டங்கள் ஒரே இரவில் படுத்துவிட்டன. அதன் பிறகு 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. 2006 இறுதியிலும் 2007 ஜனவரியிலும் வாகரை மக்கள் போரினால் ஊரைவிட்டு நடந்தும் படகிலும் வெளியேறினார்கள். கடைசியாக 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கிழக்கை ஒட்டி வடக்கு நோக்கி நகர்ந்தது. நாடு முழுவதும் நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின. மலையகத்தில் மண் சரிந்தது. நமது பக்கத்தில் வெள்ளமும் காற்றும்.

அந்தச் சூறாவளிக்குப் பின், டிசம்பர் முதற் பாதியில், உலர் உணவுப் பொதிகளுடன் நாங்கள் ஏழு பெண்கள் வாகரைப் பக்கம் போனோம். நகரிலிருந்து வாகரை 60 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். எங்களை ஏற்றிச் சென்ற வானை ஓட்டியவரும் ஒரு பெண்தான். அவரை நாங்கள் எல்லோரும் அக்கா என்றே அழைத்தோம். இந்தக் கட்டுரையிலும் அவர் அக்காதான்.

ஒரு தகரமும் ஒரு கண்ணாடியும்

அக்காவின் கணவர் போர்க்காலத்தில் வேலைக்குப் போனவர், திரும்பவில்லை. இரண்டு பிள்ளைகள். கூலி வேலை, அப்பம் சுட்டு விற்றல் என்று பல வருடங்கள் போராடிய பின் சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்து, லீசிங்கில் ஒரு பழைய ஜப்பான் வான் வாங்கினார். காலையும் மாலையும் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றுகிறார். அந்த வருமானத்தில்தான் மாதத் தவணை, சமையல், மகளின் ரியூசன் எல்லாம்.

புயலடித்த இரவு வான் அவரது வளவில் நின்றது. பக்கத்துக் கொட்டிலிலிருந்து பறந்து வந்த தகரத்தின் கூரிய மூலை முன் இடதுபக்கக் கதவின் கண்ணாடியில் பட்டது. கண்ணாடி முழுவதும் ஒரே கணத்தில் கற்கண்டாக உதிர்ந்துவிட்டது. விடியும்வரை மழை உள்ளே அடித்தது. பாடசாலை மீண்டும் திறப்பதற்குள் அதைச் சரிசெய்யாவிட்டால் பெற்றோர் வேறு வானைத் தேடிப் போய்விடுவார்கள் என்பதே அவரது கவலை. ஒருமுறை போன பிள்ளைகள் திரும்பி வருவது கடினம். எங்கள் பயணத்துக்குக் கிடைத்த ஹயர் காசு அந்தக் கண்ணாடிக்கென்றே எடுத்து வைக்கப்பட்டது.

கதவில் கண்ணாடிக்குப் பதிலாகத் தெளிவான தடித்த பிளாஸ்ரிக் ஒட்டப்பட்டிருந்தது. சாப்பாட்டு மேசைக்கு விரிக்க யார்க் கணக்கில் வெட்டித் தருவார்களே, அதுதான். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தைத் தாண்டும்போது நான் அதைப் பற்றிக் கேட்டேன். 1990இல் அந்த வளாகம் அகதி முகாமாக இருந்தது. அந்த நாட்களில் நம்மில் எத்தனையோ பேர் பொலித்தீன் விரிப்பின் கீழ் மழையைக் கழித்தவர்கள். அக்கா சிரித்தார்.

"பொலித்தீன் கட்டுறத நமக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்ல. ஆனா வானுக்குக் கட்டுறது வேற, கொட்டிலுக்குக் கட்டுறது வேற. அத நான் இப்பதான் படிச்சன்."

அவர் படித்ததையும், ஓட்டமாவடியில் கராஜ் வைத்திருக்கும் காக்கா ஒருவர் சொன்னதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். வான், ஓட்டோ, லொறி என்று வாகனத்தை நம்பிச் சீவிக்கும் சகோதரிகள் நம்மிடையே இன்று பலர். அவர்களுக்கு இது உதவும்.

உடைந்தவுடன் என்ன செய்வது

வாகனத்தின் முன் பெரிய கண்ணாடியும் பக்கக் கண்ணாடியும் ஒன்றல்ல. முன் கண்ணாடி, இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்ரிக் படலத்தை வைத்து ஒட்டியது. அடிபட்டால் வெடிக்கும், ஆனால் கொட்டாது. பக்கக் கண்ணாடியை 600 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, காற்றடித்துச் சடுதியாகக் குளிரவைத்துச் செய்கிறார்கள். இதனால் அது சாதாரண கண்ணாடியைவிடப் பல மடங்கு பலமாகிறது. ஆனால் கூரிய ஒன்று ஓரிடத்தில் ஆழப் பட்டாலும் முழுவதும் சிறு துண்டுகளாகிவிடும். நீண்ட கூரிய சில்லாக உடைந்து ஆளைக் குத்தாமல் இருப்பதற்காகவே இந்த ஏற்பாடு. எனவே உடைந்த பக்கக் கண்ணாடியை ஒட்டவோ திருத்தவோ முடியாது. புதிதாகத்தான் போட வேண்டும்.

முதலில் சுற்றுப்புறத்தைப் பாருங்கள். புயலுக்குப் பின் மின்கம்பி அறுந்து வாகனத்தின்மேலோ அருகிலோ கிடந்தால் கிட்டப் போகவே கூடாது. வெள்ளநீர் இயந்திரம் வரை ஏறியிருந்தால் சாவியைத் திருப்பவும் கூடாது.

அடுத்தது, துப்புரவு செய்ய முன் கைபேசியால் நாலு பக்கமும் படம் எடுங்கள். இலக்கத்தகடும் உடைந்த இடமும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். உங்கள் காப்புறுதி மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் என்றால் உங்கள் கண்ணாடிக்கு ஒன்றும் கிடைக்காது. முழுக் காப்புறுதி என்றால் பத்திரத்தில் சூறாவளி, வெள்ளம் ஆகியவை சேர்க்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். அறிவித்த பிறகே கராஜுக்குக் கொண்டுபோங்கள். அக்காவிடம் இருந்தது மூன்றாம் தரப்பு மட்டுமே.

கண்ணாடித் துண்டுகளை வெறுங்கையால் தடவித் தள்ள வேண்டாம். தடித்த செருப்பைப் போட்டுக்கொண்டு தும்புத்தடியால் கூட்டுங்கள். சீட்டின் மடிப்பிலும் துணியிலும் ஒட்டியிருக்கும் பொடியை எடுக்க, பிசைந்த கோதுமை மா உருண்டை ஒன்றை மெல்ல அழுத்தி அழுத்தி எடுத்தால் எல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். பிறகு அந்த மாவைக் கோழி கொத்தாத இடத்தில் புதைத்துவிடுங்கள்.

கண்ணாடியின் பாதிக்கு மேல் கதவின் உள்ளேயே விழுந்திருக்கும். ஆகவே கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைபிடியைச் சுற்றிப் பார்க்காதீர்கள். உள்ளே இருக்கும் பொறி துண்டுகளில் சிக்கி வளைந்தால் செலவு இரட்டிப்பாகும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. வாகனக் கதவு மழைநீர் உள்ளே புகாதபடி செய்யப்பட்டதல்ல. கண்ணாடியின் ஓர ரப்பரைத் தாண்டிக் கொஞ்சம் நீர் எப்போதும் கதவுக்குள் இறங்கும். கதவின் அடியில் உள்ள சிறு துளைகளால் அது வெளியேறும். கண்ணாடித் துண்டும் இலைச்சருகும் அந்தத் துளைகளை அடைத்துவிட்டால் நீர் உள்ளே தங்கி, கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஒரு தென்னோலை ஈர்க்கை எடுத்து அந்தத் துளைகளைக் குத்தித் துப்புரவு செய்யுங்கள். இது காசில்லாத வேலை. பெரிய செலவை மிச்சப்படுத்தும்.

மூடுவதும் காய வைப்பதும்

அக்கா முதல் நாள் ஒட்டியது உரப்பைக்குள் வரும் பொலித்தீன். அரை நாளில் காற்றுப் பிய்த்துக்கொண்டு போனது. கதவின் சட்டம் ஈரமாக இருந்ததால் ஒட்டுநாடா பிடிக்கவில்லை. உரப்பையைப் பாவிப்பதென்றால் நன்றாகக் கழுவிப் பாவிக்க வேண்டும். உரத்தின் உப்பு இரும்பை அரிக்கும்.

இரண்டாவது முறை அவர் செய்தது சரியாக வந்தது. பழைய சேலைத் துண்டால் சட்டத்தை நன்கு துடைத்து, அடுப்படியில் காய்ந்த துணியால் மறுபடி துடைத்தார். மேசைப் பிளாஸ்ரிக்கைக் கண்ணாடியின் அளவைவிட நான்கு பக்கமும் ஒரு சாண் கூடுதலாக வெட்டினார். மேல் விளிம்பைக் கதவின் மேலாக உள்ளே மடித்து, கதவைச் சாத்தினார். இப்போது பிளாஸ்ரிக்கைப் பிடித்திருப்பது கதவே. கீழ்ப்பக்கம் மட்டும் வெளியே தொங்கவிட்டு ஒட்டினார். இதனால் மழைநீர் வெளியே வழியும், உள்ளே இறங்காது.

ஒட்டுநாடாவை வர்ணத்தின்மேல் நாட்கணக்கில் விட வேண்டாம். இடையில் ஒரு வெயில் அடித்தாலும் பசை உருகி வர்ணத்தில் ஊறிவிடும். அப்படி ஊறியிருந்தால் சுரண்டாமல், சிறிது தேங்காயெண்ணெய் பூசி ஊறவிட்டுத் துடைத்தால் போகும்.

தெளிவான பிளாஸ்ரிக் ஏன் என்றால், சாரதிக்கு இடப்பக்கக் கண்ணாடி தெரிய வேண்டும். அப்படியிருந்தும் மங்கலாகத்தான் தெரிந்தது. செங்கலடிச் சந்தியில் அக்கா வானை நிறுத்தி, "இடப்பக்கம் எட்டிப் பாருங்க புள்ள" என்று என்னிடம் கேட்டுவிட்டே எடுத்தார். வேகத்தையும் 40இற்கு மேல் விடவில்லை. இப்படிப்பட்ட வாகனத்தில் இருட்டிய பிறகு ஓடக் கூடாது. பிள்ளைகளை ஏற்றவே கூடாது.

மூடுவதைவிடக் கடினம் காய வைப்பது. கச்சான் காலமென்றால் ஒரு பகல் போதும். வாடையில் ஈரம் போக வழியே இல்லை. ஈரமான சீட்டையும் விரிப்பையும் உள்ளே வைத்து வாகனத்தை இறுக்கி மூடினால் ஒன்றிரண்டு நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும். மேலே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் தரை விரிப்பின் கீழுள்ள பஞ்சுத் தட்டு நீரை உறிஞ்சி வைத்திருக்கும். அதைக் கிளப்பிப் பாருங்கள். சீட்டைக் கழற்ற முடிந்தால் கழற்றி, கூரையின் கீழ் காற்றோட்டமான இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். வெயில் தலைகாட்டும் நேரமெல்லாம் கதவுகளைத் திறந்துவிடுங்கள். இரவில் பழைய பத்திரிகைத் தாள்களைக் கசக்கித் தரையில் பரப்பிக் காலையில் மாற்றுங்கள். சிரட்டைக்கரியை ஒரு துணியில் கட்டி வைத்தால் வாடை குறையும். கொட்டிலின் கீழ் நிற்கும்போது மறுபக்கக் கண்ணாடியை ஒரு விரல் அகலம் இறக்கிவிடுங்கள்.

பூஞ்சணம் பிடித்துவிட்டால் முகக்கவசம் அணிந்து, வினாகிரியும் தண்ணீரும் சம அளவில் கலந்து துடையுங்கள். கிணறு துப்புரவு செய்யத் தந்த குளோரின் தூளை அதனுடன் ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சுவாயு கிளம்பும். தொய்வு, முட்டு உள்ள பிள்ளைகளை வாடை போகும்வரை அந்த வாகனத்தில் ஏற்ற வேண்டாம்.

ஓட்டமாவடி கராஜில்

வாகரையில் பொதிகளைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது மத்தியானம் கடந்துவிட்டது. பனிச்சங்கேணியில் களப்பு நிறைந்து வீதியோரம் வரை நின்றது. தலையில் தகரமில்லாத வீடுகள், சாய்ந்த மரங்கள், அவற்றின் நடுவே கழுவிக் காயப்போட்ட பாடசாலைப் புத்தகங்கள்.

ஓட்டமாவடியும் வாழைச்சேனையும் ஒட்டிய ஊர்கள். ஒன்றில் முஸ்லிம்கள், மற்றதில் பெரும்பாலும் தமிழர். முன்பு ரயிலும் பஸ்ஸும் ஒரே பாலத்தில் மாறிமாறிப் போன இடம். இன்று வாகனங்களுக்குத் தனிப்பாலம் உண்டு. மோசமான காலங்களில் இந்த இரண்டு ஊர்களுக்குமிடையே கசப்புகள் இருந்தன. ஆனால் வாகனம் பழுதானால் இந்தப் பக்கத்தார் அந்தப் பக்கம்தான் போவார்கள்.

கராஜ் காக்கா கதவைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, கண்ணாடி வெட்டுற கடையில சாதாரண கண்ணாடிய வெட்டிப் போடுறன் எண்டு ஆரும் சொன்னா கேட்காதீங்க. மலிவுதான். உடைஞ்சா கத்தி மாதிரி இறங்கும். பக்கத்தில இருக்கிறது சின்னப் புள்ள."

இது முக்கியமான விடயம். பதப்படுத்திய கண்ணாடியைப் பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது. ஆகவே அந்த மாதிரி வாகனத்துக்கென்றே செய்த கண்ணாடியைத்தான் தேடவேண்டும். கண்ணாடியின் மூலையில் 'டெம்பர்ட்' என்று அழியாமல் பொறித்திருப்பார்கள். எழுத்துத் தெரியாவிட்டால் பிள்ளைகளைக் கொண்டு வாசித்துப் பாருங்கள். புதியது கிடைக்காத பழைய வாகனங்களுக்குக் கழற்றிய வாகனங்களின் கண்ணாடியே கதி. கொழும்பு பஞ்சிகாவத்தையில் அதற்கென்றே கடைகள் நிரம்பியுள்ளன. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அந்த இடைக்காலத்தில் பழைய வாகனங்களையே எல்லோரும் திருத்தித் திருத்தி ஓடியதால் பழைய பாகங்களுக்கும் விலை ஏறிவிட்டது.

காக்கா தொலைபேசியில் பேசி, கழற்றிய கண்ணாடி ஒன்றைப் பஸ்ஸில் போட்டுவிட ஏற்பாடு செய்தார். விலை அக்காவின் ஒரு மாத லீசிங் தவணையில் பாதிக்குச் சற்று மேல். பாதியை ஹயர் காசில் கொடுத்தார். மீதியை இரண்டு மாதத்தில் தருவதாகச் சொன்னபோது காக்கா மறுக்கவில்லை. ஒரு கொப்பியில் எழுதி, அதே கணக்கை அக்காவின் கொப்பியிலும் எழுதச் சொன்னார்.

மூன்று நாட்களின் பின் கண்ணாடி வந்தது. கூலி கொடுக்க முன் என்ன பார்க்க வேண்டும் என்பதையும் அக்கா பிறகு எனக்குச் சொன்னார். கதவின் உட்தட்டைக் கழற்றும்போது அதன் பின்னால் ஒரு பிளாஸ்ரிக் தாள் ஒட்டியிருக்கும். கிழிந்துவிட்டதென்று சில கராஜ்களில் அதை எறிந்துவிடுவார்கள். அது இல்லாவிட்டால் கதவுக்குள் இறங்கும் மழைநீர் கீழ்த்துளைக்குப் போகாமல் வாகனத்துக்குள் வரும். புதிதாக ஒன்றை வெட்டி ஒட்டச் சொல்லுங்கள். கண்ணாடி ஓடும் ரப்பர் வெடித்திருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள். இரண்டு வாளித் தண்ணீரைக் கதவின்மேல் ஊற்றி, உள்ளே ஈரம் வருகிறதா, அடித்துளையால் நீர் வடிகிறதா என்று பார்த்த பிறகே காசைக் கொடுங்கள்.

அடுத்த காற்றுக்கு முன்

காற்று வருமென்று அறிவித்தால் வாகனத்தைத் தென்னை, முருங்கை, பழைய மதில் ஆகியவற்றிலிருந்து தள்ளி நிறுத்துங்கள். வளவில் கிடக்கும் தகரம், பலகை, வாளி எல்லாவற்றையும் கட்டி வையுங்கள் அல்லது உள்ளே எடுங்கள். கண்ணாடியை உடைப்பது காற்றைவிட, காற்றுக் கொண்டுவரும் பொருட்கள்தான். கண்ணாடியில் ஒட்டுநாடாவைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுவதால் அது உடையாமல் இருக்காது. பழைய மெத்தையையோ தடித்த சாக்குகளையோ பக்கக் கண்ணாடிகளுக்கு மேலாக வைத்து, கயிற்றால் வாகனத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டினால் ஓரளவு காக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாகனத்தைக் காப்பாற்றவென்று காற்றுக்குள் வெளியே இறங்காதீர்கள். கண்ணாடி வாங்கலாம்.

இந்தச் செலவை ஒரு பெண் தனியே சுமப்பது கடினம். அக்காவின் அனுபவத்தைக் கேட்ட பின், அந்தப் பக்கத்தில் வானும் ஓட்டோவும் ஓட்டும் ஆறு பெண்கள் சேர்ந்து சீட்டு ஒன்று தொடங்கியிருக்கிறார்கள். மாதம் ஆளுக்கு 500 ரூபா. ஏலம் கூறுவதில்லை, வட்டி இல்லை. யாருடைய வாகனம் நின்றுவிடுகிறதோ அவருக்கு அந்தப் பணம். நுண்கடன்காரரின் வாசலுக்குப் போகாமல் இருக்க இதுவும் ஒரு வழி என்கிறார்கள்.

பாடசாலை திறந்த முதல் நாள் அக்காவின் வானில் பதினொரு பிள்ளைகள் ஏறினார்கள். புயலுக்கு முன் பதின்மூன்று. விட்டுப்போன இருவரில் ஒருவரின் தாய் தைப்பொங்கலுக்குப் பிறகு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். மற்றவரின் குடும்பம் இன்னும் உறவினர் வீட்டிலிருந்து ஊர் திரும்பவில்லை. அந்தப் பிள்ளை உட்காரும் இடத்தை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறார் அக்கா.